நம்பிக்கைமானியில் தொண்ணூற்றேழு

கருவியில் பழுது என்று கூப்பிட்டால், அதைச் சோதிக்கும் வேலை பார்க்கும் ஜெசிந்தா சந்தோஷமாகக் கிளம்பிவிடுவாள். பழுதே இல்லை, வந்து பாராட்டிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டால்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டும். இந்த முறை அப்படித்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

கூப்பிட்டது ராசிபுரத்தைத் தாண்டி ஆறு கிலோமீட்டரில் இருக்கும் வைகறை பயிற்சி மையம். மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று படிக்கும் பெண்கள் நானூறு பேர் தங்கியிருக்கும் விடுதி அது. அங்கே ஒருத்திக்கு நம்பிக்கைமானி தொண்ணூற்றேழு காட்டுகிறதாம். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாளாக. அந்த எண் உண்மைதான் என்று கருவியைச் செய்யும் கம்பெனியின் முத்திரையோடு ஒரு சான்றிதழ் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமை ஃப்ளெக்ஸ் ஏற்றுகிறார்கள். முதல் மதிப்பெண்ணைப் பதினைந்தடி உயரத்துக்கு அச்சடித்துச் சாலையோரம் நிறுத்தும் ஊர்தானே நமது. நம்பிக்கைக்கும் ஒரு எண் கிடைத்தால் அதை மட்டும் சும்மா விடுவார்களா?

ஐம்பது பேருக்கு மேல் தங்கும் எந்த மாணவர் விடுதியிலும் நம்பிக்கைமானி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து மூன்று வருடம் ஆகிறது. நல்லெண்ணத்தில் வந்த சட்டம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. வளர்ந்த பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்துவிட்டு, யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் கேட்டு வாங்கிய சட்டம். மணிக்கட்டில் ஒரு பட்டை, காதுக்குப் பின்னால் பொட்டு அளவில் ஒரு வில்லை. தினமும் மாலை ஐந்தரைக்கு மூன்று நிமிடம் உட்கார வேண்டும். காதுக்குள் ஒரு குரல் ‘நாளை’ என்று சொல்லும். கொஞ்சம் பொறுத்து ‘அடுத்த வாரம்’ என்னும், பிறகு ‘அடுத்த மாதம்’, கடைசியாக ‘அடுத்த வருடம்’. ஒவ்வொரு சொல்லுக்கும் உடம்பு என்ன பதில் சொல்கிறது என்பதைக் கோடாக வரைந்து, நூற்றுக்கு இத்தனை என்று திரையில் காட்டிவிடும்.

தொடர்ந்து மூன்று நாள் முப்பத்தைந்துக்குக் கீழே போனால் பெற்றோருக்குத் தகவல் போகும், பிள்ளை ஓய்வுக்கு என்று வீட்டுக்கு அனுப்பப்படும். முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பாஸ் மார்க் முப்பத்தைந்து என்பது நம் எல்லோருடைய ரத்தத்திலும் ஊறியிருக்கிறது. அளவை முடிவு செய்த கூட்டத்தில் யாரோ ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிவிட்டார்கள். தலையாட்டியவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி. இப்போது ஊர் ஊராகக் கருவிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தாலும், கருவி பிறந்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது தாளாளர் குழந்தைவேல் ஃப்ளெக்ஸின் மாதிரியைக் கணினியில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. ‘மாநிலத்திலேயே நம்பிக்கையில் முதலிடம்’ என்ற எழுத்துக்குக் கீழே ஒரு பெண்ணின் படம். நிறைமதி, பென்னாகரம் பக்கம், மூன்றாவது முயற்சி. படத்தில் அவள் அளவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கருவியைப் பார்க்க வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னாள். நிறைமதியின் பட்டையை வாங்கித் தன் கையிலேயே கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று. வழக்கமாக அவளுக்கு வருவதுதான். வார்டன் பாவாயம்மாவைக் கூப்பிட்டுக் கட்டிவிட்டாள். ஐம்பத்தெட்டு வந்தது. இந்த வயதில் இவ்வளவு போதாதா என்று அந்த அம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். குழந்தைவேல் தானாகவே கையை நீட்டினார். எழுபத்தொன்று. அவருக்குக் கால் தரையில் படவில்லை.

“ஏனுங்க மேடம், ஒரு சந்தேகம்,” என்றார் பட்டையைக் கழற்றிக்கொண்டே. “தண்ணி கொதிச்சா நூறுன்னு வெப்பமானில ஒரு கணக்கு இருக்குதுங்க. நம்பிக்கை எங்கீங்க கொதிக்கும்? நூறுன்னு எதை வெச்சு முடிவு பண்ணுனீங்க?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று ஜெசிந்தா பல வருடமாகக் காத்திருந்தவள்போல உற்சாகமாகிவிட்டாள். பூஜ்யத்துக்கு, நெடுநாள் மனச்சோர்வில் இருந்த சிலரை அவர்கள் சம்மதத்தோடு அளந்தார்களாம். சொல்லைக் கேட்டதும் அவர்கள் கோடு கலைந்து கலைந்து கீழே விழுந்ததாம்.

“நூறைக் குறிக்க நாப்பது பேர அளந்தோம் சார். கலந்தாய்வு முடிஞ்சு, காலேஜ் சீட்டுக்கான ஆணையக் கையில வாங்கிட்டு வெளிய வந்த பிள்ளைங்க. வாசல்ல நின்னு நான்தான் ஒவ்வொருத்தராக் கூட்டிட்டு வந்தேன். அவங்களவிட நம்பிக்கை யாருக்கு இருக்கும்? ‘நாளை’ன்னு சொன்னா உடம்பு துளி பதறாது. கோடு ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நேரா நிக்கும். அந்த நேர்க்கோடுதான் நூறு.”

குழந்தைவேலுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இதையே ஃப்ளெக்ஸில் இரண்டு வரியாகப் போடலாமா என்று கேட்டார். ஜெசிந்தா அதற்குள் கணினியில் நிறைமதியின் பழைய பதிவுகளைத் திறந்திருந்தாள். மூன்று மாதமாக முப்பத்தெட்டுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவில் எகிறிக் குதித்துக்கொண்டிருந்த எண், போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு முப்பத்து மூன்றாயிற்று. திங்கள் முப்பத்து நான்கு. செவ்வாய் தொண்ணூற்றேழு. அதிலிருந்து நேற்றுவரை அசையவே இல்லை.

அவளுக்கு மூக்கு வியர்த்தது. ஐந்து வருடத்தில் எத்தனையோ ஆயிரம் கோடுகளைப் பார்த்தவள். நம்பிக்கை ஏறும், இறங்கும், காலையில் இட்லி கல்லாக இருந்தால்கூட நாலு புள்ளி குறையும். ஒரே நாளில் அறுபத்து மூன்று ஏறி, ஏறின இடத்தில் ஆணியடித்ததுபோல நிற்குமா? ஏதாவது தில்லுமுல்லு இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அவளுக்கு அந்தப் பெண்ணைவிட அந்தக் கோட்டின்மேல்தான் அக்கறை.

விடுதிக் கட்டடம் அலுவலகத்திலிருந்து ஒரு மைதானம் தள்ளி இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பாவாயம்மா ஒரு பூப்போட்ட குடையை விரித்து ஜெசிந்தாவையும் அதற்குள் இழுத்துக்கொண்டார். பிள்ளைகள் எண்ணை ஏற்ற என்னென்ன செய்வார்கள் என்று ஜெசிந்தா நடந்துகொண்டே கேட்டாள். அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார். ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்காருவார்களாம். ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வார்களாம். மோர் குடித்தால் ஏறும் என்று ஒரு வதந்தி கிளம்பி, ஒரு வாரம் மோர் அண்டாவைப் பூட்டிவைக்க வேண்டியிருந்ததாம்.

“நிறைமதி என்ன செய்யும்?”

“அது ஒண்ணும் செய்யறதில்லீங்க. முன்னெல்லாம் அஞ்சு மணியானா மூஞ்சி வெளிறிப்போயிரும். இப்ப சாமி மாதிரி வந்து உக்காருதுங்க. தங்கமான புள்ள. இந்தக் கொடைகூட அது குடுத்ததுதான். வேண்டாம்னு சொல்லியும் கேக்கல.”

குடை நன்றாக இருப்பதாக ஜெசிந்தா சொல்லிவைத்தாள்.

அறையில் நான்கு கட்டில்கள். மற்ற மூன்று பேரும் வகுப்புக்குப் போயிருந்தார்கள். நிறைமதியை மட்டும் சோதனைக்காக இருக்கச் சொல்லியிருந்தார்கள். பத்தொன்பது வயது, மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து வாரிய தலை. வாங்கக்கா என்று எழுந்து நின்றாள். பேச்சில் பதற்றம் இல்லை, கையில் நடுக்கம் இல்லை. ஜெசிந்தா பட்டையைக் கட்டி, தன் சோதனைத் திரையை மேசைமேல் நிறுத்தினாள். ‘நாளை.’ கோடு நேராகப் போயிற்று. ‘அடுத்த வாரம்.’ நேர். ‘அடுத்த மாதம்.’ நேர். ‘அடுத்த வருடம்.’ அப்போதும் அதே நேர். தில்லுமுல்லு எதுவும் இல்லை. இதே கோட்டை நாற்பது முறை பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாள் ஜெசிந்தா. நூறு அளக்கப் போன இடத்தில் பார்த்தது.

எப்படி இவ்வளவு அமைதி வந்தது என்று கேட்டாள். படித்தது போதும் என்று தோன்றிவிட்டது, அதனால்தான் என்றாள் நிறைமதி. தியானமா? இல்லை. வீட்டில் ஏதாவது நல்ல சேதியா? இல்லை. பதில் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்பதுபோலப் பொறுமையாகப் பார்த்தாள்.

ஜெசிந்தா சுவரைப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. தேர்வு நாள் தாளின் முனையை மடித்து வைத்திருந்தார்கள். தினம் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில், அன்றைக்குப் பதில் தெரியாமல்போன கேள்வியை எழுதி ஒரு கம்பியில் குத்திவைப்பது இந்த விடுதியின் வழக்கமாம். மூன்று கட்டிலுக்கு மேல் மூன்று காலண்டர். நிறைமதியின் கட்டிலுக்கு மேல் ஆணி மட்டும்தான் இருந்தது.

“உன் காலண்டர் எங்க?”

“ரூபாவதிக்குக் குடுத்துட்டேன்க்கா. அவளுது தண்ணில நனைஞ்சு போச்சு.”

“அப்ப நாள் பாக்க உனக்கு?”

நிறைமதி மேசைப் பக்கம் திரும்பி எதையோ அடுக்க ஆரம்பித்தாள். ஜெசிந்தாவின் பார்வை மேசைமேல் இருந்த நோட்டுகளில் விழுந்தது. ஒவ்வொன்றின் அட்டையிலும் வேறு வேறு பெண்களின் பெயர் எழுதியிருந்தது. எழுத்து மட்டும் நிறைமதியுடையது; தன் நோட்டுகளையும் பிரித்துக்கொடுக்கப் போகிறாள். குடை ஞாபகம் வந்தது. ஆணையை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிள்ளைகளுக்குக் கோடு ஏன் நேராக நின்றது? அவர்களுக்கு இனிமேல் காத்திருக்க ஒன்றும் இல்லை, அதனால். கிடைத்துவிட்டவனுக்கும் நாளை என்றால் பதற்றம் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டவளுக்கும் இல்லை. பாழாய்ப்போன கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். நூறு எங்கே என்று குறித்துக்கொடுத்தவள் இந்த ஜெசிந்தாதான்.

கோட்டைப் பற்றிய ஆசையெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துபோயிற்று. அவள் நாற்காலியை இழுத்து நிறைமதிக்கு எதிரே போட்டுக்கொண்டாள். சுற்றிவளைத்துக் கேட்க நேரம் இல்லை என்று பட்டது.

“நிறைமதி, ஒண்ணு நேராக் கேக்கேன். செத்துப்போயிறணும்னு முடிவு பண்ணிட்டியா?”

வாசலில் நின்ற பாவாயம்மா குடையைக் கீழே வைத்துவிட்டார். நிறைமதி மணிக்கட்டில் இருந்த பட்டையைத் தடவினாள். பிறகு அவள் பேசியபோது குரல் முதல்முறையாகக் கொஞ்சம் கரகரத்தது.

“ஒம்பது நாளா எல்லாரும் கை குடுத்தாங்கக்கா. சார் எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தாரு. கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்திருந்தாள். விஷயம் இதுதான். முப்பத்து மூன்றும் முப்பத்து நான்கும் வந்த பிறகு, மூன்றாவது நாளும் கீழே போனால் அப்பாவுக்குத் தொலைபேசி போய்விடும். மூன்று வருடமாக அவள் ஊரில் அவர்கள் வீட்டுக்கு டாக்டர் வீடு என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்த வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தாள். வந்ததும் உள்ளே இருந்த இரைச்சல் எல்லாம் அடங்கிவிட்டது. சாயங்காலம் பட்டையைக் கட்டினால் தொண்ணூற்றேழு. முதலில் அவளுக்கே திக்கென்று இருந்ததாம். அப்புறம், மெஷினே சரி என்று சொல்கிறதே என்று நினைத்துக்கொண்டாளாம்.

ஜெசிந்தாவுக்கு அழுகை முட்டியது. அவமானமாகவும் இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. இதை நான் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ள மாட்டேன், உன்னைத் தனியாக விட்டுவிட்டும் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவள் கண் முன்னாலேயே சேலத்தில் மனநல மருத்துவராக இருக்கும் வெண்ணிலாவைக் கூப்பிட்டாள். ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், ஆறரைக்குள் நானே வந்துவிடுகிறேன், பேசச் சொல்லுங்கள், பேசாவிட்டாலும் கூடவே இருங்கள் என்றார் மருத்துவர். அடுத்து வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்றாள் ஜெசிந்தா. அப்பா வேண்டாம் என்று நிறைமதி தலையை ஆட்டினாள். அம்மாவுக்கு? அதற்குத் தலை ஆடவில்லை. அவளே எண்ணைச் சொன்னாள்.

நிறைமதியின் அம்மா நிலக்கடலைக் காட்டில் நின்றுகொண்டிருந்தார். ஜெசிந்தா எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னாள். மறுமுனையிலிருந்து, பிள்ளையிடம் கொடுங்கள் என்ற ஒரு பேச்சு மட்டும் வந்தது. நிறைமதி வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் குரல் அறைக்கே கேட்டது.

“டாக்டராவது, கீக்டராவது. எனக்கு நீ இருந்தாப் போதும் சாமி. இந்தா கெளம்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் அந்த அக்காகூடவே உக்காந்திரு.”

நிறைமதி தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாவாயம்மா கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். இத்தனை நாளாகச் சாமி மாதிரி என்று நினைத்தேனே, நான் ஒரு மரமண்டை என்று ஒருமுறை மட்டும் முணுமுணுத்தார்.

நாலரை மணிக்குக் குழந்தைவேல் வந்தார். ஜெசிந்தா வாசலுக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னாள். மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். ஆனாலும் வாய் பழக்கதோஷத்தில், அப்படியானால் சான்றிதழ் என்று ஆரம்பித்தது. ஜெசிந்தா பையிலிருந்து படிவத்தை எடுத்துச் சுவரில் வைத்து எழுதினாள். ‘கருவியில் பழுது இல்லை. நூறு என்று குறித்த இடத்தில்தான் பழுது. குறித்தது நான். இதே கருவி இருக்கும் எல்லா விடுதிகளிலும் தொண்ணூறுக்கு மேல் இருக்கும் ஒவ்வொருவரையும் இன்றே நேரில் பார்க்கவும்.’ கையெழுத்துப் போட்டு, கம்பெனிக்கும் சுகாதாரத் துறைக்கும் படமெடுத்து அனுப்பினாள். வேலை போகலாம் என்று தெரிந்தது. அது பெரிதாகப் படவில்லை. குழந்தைவேல் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஃப்ளெக்ஸ்காரருக்குத் தொலைபேசி போட்டபடியே மைதானத்தில் வெயிலில் நடந்துபோனார்.

உள்ளே வந்தபோது நிறைமதி முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது. அம்மா தர்மபுரி தாண்டிவிட்டாராம். பேச்சுக் கொடுக்க என்ன இருக்கிறது என்று ஜெசிந்தா யோசித்தாள். அறிவுரை சொல்ல அவளுக்கு வராது. தன் தவறை வேண்டுமானால் சொல்லலாம். சொன்னாள். கலந்தாய்வு வாசலில் நின்றது, ஆணையும் கையுமாக வந்தவர்களை மறித்து நிறுத்தியது, நேர்க்கோட்டைப் பார்த்துக் குதித்தது, எல்லாவற்றையும். நிறைமதி குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் ஐந்தரை மணி அடித்தது. மூன்று மாதப் பழக்கம், பட்டையின் பொத்தானை அவள் விரல் தானாகவே அழுத்தியது. ஜெசிந்தா தடுப்பதற்குள் திரையில் கோடு ஓடத் தொடங்கிவிட்டது. சரி, ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

“அந்த நாப்பது பேரு,” என்றாள் நிறைமதி.

“சொல்லு.”

“அவங்கல்லாம் சீட்டு வாங்குனதால நேரா இருந்தாங்கன்னு எப்படிக்கா தெரியும்? என்னை மாதிரி ஒருத்தர்கூட அதுல இல்லையான்னு யாராவது கேட்டீங்களா?”

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்கவில்லை. கையில் ஆணை இருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காக, ஊருக்காக ஆணையை வாங்கிக்கொண்டு, அதோடு எல்லாம் முடிந்தது என்று வெளியே வந்தவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டாரா? ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை அது.

“இல்ல. ஒருத்தரையும் கேக்கல.”

“அவங்க நம்பர் இருக்குதா?”

இருந்தது. பழைய கோப்பில் நாற்பது பெயர்களும் எண்களும் அப்படியே இருந்தன. ஜெசிந்தா திறந்து காட்டினாள். நிறைமதி எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று பட்டியலைப் படித்தாள். நடுவில் ஒரு பெயரில் விரலை வைத்தாள். ஏன் அந்தப் பெயர் என்று அவளுக்கே தெரியாது.

“இவங்களுக்குப் போடுங்கக்கா. இப்ப எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும்.”

ஜெசிந்தா எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் வைத்தாள். மணி அடித்தது. ஒன்று, இரண்டு. பாவாயம்மாவும் கட்டிலிலிருந்து இறங்கி வந்துவிட்டார். மூன்று. நிறைமதியின் காதுக்குள் அந்தக் குரல் ‘நாளை’ என்று சொல்லியிருக்க வேண்டும், அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

“எடுப்பாங்களா?” என்று கேட்டாள்.

மேசைமேல் இருந்த திரையில் கோடு மேலும் கீழும் நடுங்க ஆரம்பித்திருந்தது. எண் எண்பதுக்கு இறங்கி, அறுபதைத் தாண்டி, அவளுடைய பழைய நாற்பதுகளுக்கு வந்து அங்கேயே குதித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. மூன்று பேரும் தொலைபேசிக்குமேல் குனிந்து, ஐந்தாவது மணிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.